அடித்த வரிகள்

"ஐயா, இதெல்லாம் தப்பா?"

கேட்டவள் ஏழாம் வகுப்பு. வந்திருந்த எழுத்தாளர் தன் ஜோல்னாப் பையிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் விரித்து வைத்திருந்தார். கோடு போட்ட சாதாரண நோட்டு. ஓரமெல்லாம் மடங்கி, ஒரு பக்கத்தில் டீ சிந்திய கறையோடு இருந்தது. விரித்த பக்கத்தில் பாதிக்கு மேல் அடித்தல். அடித்ததற்கு மேலே பொடி எழுத்தில் வேறு வரி, அதையும் அடித்து ஓரத்தில் இன்னொன்று, அங்கிருந்து ஓர் அம்புக்குறி கிளம்பிப் பக்கத்தின் அடிவரை ஓடியிருந்தது. அவள் ஒற்றை விரலை அந்த அம்புக்குறியின் மேலேயே நகர்த்திக்கொண்டு போய், அது முடிந்த இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் கேட்டாள்.

"ஆமா ஆத்தா, அம்புட்டும் தப்புத்தான்" என்றார் அவர். "ஏழு தடவை எழுதினேன். எட்டாவது தடவைதான் அந்தக் கிழவி நான் நெனச்ச மாதிரி பேசினா."

வட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் முட்டி போட்டு எழுந்து நோட்டின் மேல் கவிழ்ந்தார்கள். நான் பதினெட்டு வருஷமாகத் தமிழ் நடத்துகிறேன். சிவப்பு மையால் எத்தனை நோட்டுகளில் அடித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அச்சில் புத்தகம் வந்த ஒருவர் தன் வரியைத் தானே அடித்து, அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, பேருந்து ஏறிக் கொண்டுவந்து காட்டியதை என் பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தார்கள். நானும்தான்.

எங்களுடையது ஆத்தங்குடிப் பக்கம் உள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது பெரிய வீடுகளும் பர்மாத் தேக்குத் தூண்களும் சாப்பாடும். எங்கள் பிள்ளைகள் அந்த வீடுகளுக்கு வெளியே வளர்கிறவர்கள். அப்பா கொத்தனாராக இருப்பார், இல்லையென்றால் பூப்போட்ட தரைக்கல் செய்கிற பூக்கல் பட்டறையில் வேலை செய்வார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவார், அல்லது பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் கூட்டித் துடைக்கப் போவார். சில வீட்டு அப்பாக்கள் கல்யாணச் சமையலுக்கு ஊர் ஊராகப் போய் நாலு நாள் கழித்து வருவார்கள். வீட்டில் அச்சடித்த எழுத்து என்றால் பாடப்புத்தகம், ரேஷன் கார்டு, மளிகைக் கடைக் காலண்டர். அதற்கு மேல் பெரும்பாலும் இருக்காது.

எழுத்தாளரைப் பள்ளிக்குக் கூப்பிட வேண்டும் என்ற ஆசை எனக்கு ரொம்ப நாளாகவே உண்டு. ஆனால் முன்னால் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நடந்தது மனதில் முள்ளாகக் கிடந்தது. ஆண்டு விழா அது. பத்து மணிக்கு என்று நோட்டீஸ் அடித்திருந்தோம். பிள்ளைகளை ஒன்பது மணிக்கே தரையில் உட்கார வைத்துவிட்டோம். விருந்தினர்கள் எல்லோரும் வந்து சேர்ந்து விழா தொடங்கும்போது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வரவேற்பு, பொன்னாடை, மறுபடி பொன்னாடை, நினைவுப் பரிசு, உள்ளூர்ப் பிரமுகர்களின் வாழ்த்துரை. எழுத்தாளர் மைக் பிடித்தபோது சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் வாசம் வந்துகொண்டிருந்தது. புத்தகம் படிப்பதால் வரும் நன்மைகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நல்ல மனிதர், நல்ல பேச்சு. மறுநாள் வகுப்பில், "நேத்து வந்தாரே, அவர் சொன்னதில் என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன். ஒரு பையன் யோசித்துவிட்டு, "பச்சைக் கலர்ல பொன்னாடை போட்டாங்க டீச்சர்" என்றான்.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த எழுத்தாளர்மேலும் வரவில்லை. அவர் எழுதியதில் ஒரு வரிகூட எங்கள் பிள்ளைகள் படித்ததில்லை, படிக்க நாங்கள் கொடுத்ததும் இல்லை. யார் என்றே தெரியாத ஒருவரைத் தூரத்தில் மேடையில் உட்கார வைத்து, வெயிலில் இருந்து பார் என்றால் பிள்ளை எதைப் பார்க்கும்? பொன்னாடையைத்தான் பார்க்கும். தவறு முழுக்கப் பெரியவர்களுடையது. அதில் என் பங்கும் உண்டு. அன்றைக்கு வரிசையைச் சரிபார்த்துக்கொண்டு, பேசுகிற பிள்ளைகளை அதட்டிக்கொண்டு நின்றவள் நான்தான்.

ஆகவே இந்த முறை எழுத்தாளரைக் கூப்பிடுவதற்கு முன்னால் பீரோவைத் திறந்தோம்.

பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பச்சை இரும்பு பீரோவைத் தெரியும். உள்ளே புத்தகங்கள் இருக்கும், சாவி தலைமை ஆசிரியர் மேஜை இழுப்பறையில் இருக்கும். புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது என்று யாரும் கெட்ட எண்ணத்தில் பூட்டுவதில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிய ஒரு புத்தகம் தணிக்கையின்போது காணவில்லை என்றால் கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயம்தான் பூட்டு. எங்கள் தலைமை ஆசிரியர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர்கள் முன்னிலையில் பேசி, படித்துக் கிழிந்த புத்தகங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார். "கிழிஞ்சா நல்லதுதான் டீச்சர், யாரோ படிச்சிருக்காங்கன்னு அர்த்தம்" என்று சாவியை என்னிடம் கொடுத்தார். அந்த ஒரு தீர்மானம் இல்லாமல் இதில் எதுவும் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வந்த பிறகு சின்னச் சின்னப் புத்தகங்களும் கைக்குக் கிடைத்தன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். எனக்கு இந்தப் பெயர்கள் பிடிக்கும். ஏழாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிகிற பிள்ளை எங்கள் வகுப்பிலும் உண்டு. அவனிடம் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் கூனிக் குறுகிப்போவான். 'நுழை' என்று போட்ட புத்தகத்தை எடுப்பதில் அந்தக் கூச்சம் இல்லை. அரசே பிள்ளைகளுக்காக நடத்துகிற ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களையும் கையெட்டும் உயரத்தில் கொடி கட்டித் தொங்கவிட்டோம்.

எழுத்தாளரிடம் ஒரு மாதம் முன்பே பேசினேன். பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஒரு கதை தாருங்கள், அதைப் படித்துவிட்டுத்தான் உங்களைச் சந்திப்போம் என்றேன். ஐந்து பக்கக் கதை ஒன்றை அனுப்பி, நகல் எடுத்துக்கொள்ளச் சொன்னார். முப்பத்து நான்கு பிள்ளைகள், இரண்டு பேருக்கு ஒரு நகல். முதல் வாரம் நான் வாசித்தேன். இரண்டாவது வாரம் அவர்கள் மாற்றி மாற்றி வாசித்தார்கள். மூன்றாவது வாரம் சண்டை. பேரனின் படிப்புக்காகக் கிழவி ஆட்டை விற்கிற கதை அது. விற்றது சரியா, பேரனிடம் சொல்லாமல் விற்றது சரியா என்று மதியச் சாப்பாட்டு வரிசையில்கூடத் தர்க்கம் நடந்தது. ஆடு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி ஓலைக் கொட்டானில் போடச் சொன்னேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் முடைகிற கலர்க் கொட்டான், ஒரு பிள்ளையின் ஆயா கொடுத்துவிட்டது. "உங்கள் பிறந்த ஊர் எது, பெற்ற விருதுகள் யாவை" என்கிற மாதிரிக் கேள்விகள் வேண்டாம், அது புத்தக அட்டையிலேயே இருக்கும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். கொட்டானில் விழுந்த கேள்விகளில் சில: 'அந்த ஆடு திரும்பி வருமா?' 'கிழவி செத்தது உண்மையா, இல்லை கதைக்காகக் கொன்னீங்களா?' 'நீங்க எழுதுறப்ப உங்க வீட்டில் திட்டுவாங்களா?' 'ஒரு கதைக்கு எவ்வளவு காசு?'

அவர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். மேடை இல்லை, மைக் இல்லை. பொன்னாடை மட்டுமாவது போட வேண்டாமா என்று தலைமை ஆசிரியர் மனம் கேட்காமல் இரண்டு முறை கேட்டார். கடைசியில் கொட்டானில் கொஞ்சம் சீப்புச் சீடை வைத்துக் கொடுப்பது என்று முடிவானது. பெஞ்சுகளை எல்லாம் சுவரோரம் ஒதுக்கிவிட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். அவரும் தரையில்தான்.

முதலில் தன் கதையை அவரே வாசித்தார். கிழவி ஆட்டை விற்றுக் காசை முந்தானையில் முடிகிற இடம் வந்தது. அதைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போனார். மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்த ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"ஐயா, ஒரு வரியை விட்டுட்டீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பையன் நகலைப் பார்க்காமலே சொன்னான்: "கயிற்றை மட்டும் கிழவி திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்."

"தெரிஞ்சுதான் விட்டேன் தம்பி" என்றார் அவர். "இப்பப் படிக்கிறப்ப அந்த வரி கொஞ்சம் அதிகமோன்னு தோணுது."

"அதிகம் இல்லை ஐயா. அந்த வரியிலதான் எனக்கு அழுகை வந்துச்சு."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பின்னால் போய், அந்த வரியையும் சேர்த்து முதலிலிருந்து அந்தப் பத்தியை வாசித்தார். தன் வார்த்தையைக் கேட்டு ஒரு பெரியவர் திரும்பி வாசிக்கிறார் என்பது அந்தப் பையனுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நான் அன்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

காசுக் கேள்விக்கு உள்ளபடியே பதில் சொன்னார். அந்தக் கதைக்கு வந்த பணத்தில் வீட்டுக்கு இரண்டு பொட்டலம் பிரியாணி வாங்கிப் போகலாம், அவ்வளவுதான். பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். கதை எழுதுவது விடிகாலை நாலரை மணிக்கு. பிள்ளைகளுக்கு இது ஏமாற்றமாக இருக்குமோ என்று பயந்தேன். மாறாக, ரொம்ப நெருக்கமாகிவிட்டார்கள். அவர்கள் வீட்டிலும் எல்லோரும் ஒரு வேலைக்குப் போய்க்கொண்டு இன்னொரு வேலையும் பார்க்கிறவர்கள்தானே.

இந்த மண்ணுக்கு அது பழக்கமான வாழ்க்கையும்கூட. ராயவரத்தில் 1922-ல் பிறந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டேதான் பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதினார். தான் எழுதியதோடு நிற்காமல், குழந்தைகளுக்காக எழுதுகிறவர்களைத் தேடிச் சேர்த்து 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் உருவாக்கினார். அவர் மகள் தேவி நாச்சியப்பன் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதை 2019-ல் பெற்றார். எங்கள் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து வள்ளியப்பா பாட்டைப் பாடுகிறார்கள். அவர் பிறந்த ஊர் இந்தப் பக்கம்தான் என்று சொன்னால் மட்டும் நம்பச் சிரமப்படுகிறார்கள்.

அப்புறம் எழுத வைத்தார். இதுதான் அன்றைக்கு நடந்ததில் எனக்கு மிகப் பெரியது. "உங்க வீட்டில் இருக்கிற ஒருத்தரோட கையைப் பத்தி எழுதுங்க. முகத்தைப் பத்தி எழுதக் கூடாது, நல்லவங்க கெட்டவங்கன்னு எழுதக் கூடாது. கை மட்டும்" என்றார். அரை மணி நேரம். நாற்பது நிமிஷம் ஆனது. அவரும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து தன் அம்மாவின் கையைப் பற்றி எழுதினார், அதையும் அடித்து அடித்து.

எங்கள் வகுப்பில் ஒரு பையன். தேர்வில் கட்டுரை என்றால் மூன்று வரிக்கு மேல் எழுதமாட்டான். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்பு மட்டும் போட்டுக் கோடு கிழித்து வைத்துவிடுவான். அன்றைக்கு ஒன்றேகால் பக்கம் எழுதினான். அவன் அப்பா பூக்கல் பட்டறையில் வேலை செய்கிறவர். அவன் எழுதியதை அவன் மொழியிலேயே தருகிறேன்:

"எங்கப்பா நகத்தில் எப்பவும் கலர் இருக்கும். திங்கக்கிழமை பச்சை இருந்தால் பச்சைக் கல்லு போட்டிருக்கார்னு அர்த்தம். கண்ணாடி மேலே அச்சு வச்சு அதுக்குள்ள கலரை ஊத்துவார். அச்சை எடுக்கும்போது கை ஆடக் கூடாது. ஆடினால் பூ அழிஞ்சு போகும். அதுக்கு மேலே பொடி போட்டு, சிமெண்டு போட்டுத் தேய்ப்பார். கல்லோட முகம் கீழே இருக்கும். அப்பா முதுகைத்தான் தேய்ப்பார். முகம் அப்பாவுக்குத் தெரியாது. தண்ணியில் ஊறின பிறகுதான் பூ தெரியும். அப்பா கை சாப்பிடும்போது ஆடும். பட்டறையில் ஆடாது."

அவன் வாசித்து முடித்ததும் எழுத்தாளர் கேட்டது பாராட்டு வார்த்தை எதுவும் இல்லை. "கண்ணாடி கல்லோட ஒட்டிக்காதா தம்பி?" என்று கேட்டார். பையன் எழுந்து நின்று, கையை விரித்து, கண்ணாடி எப்படிக் கழன்று வரும், அதனால்தான் கல்லுக்குத் தேய்க்காமலே பளபளப்பு வருகிறது என்று விளக்கினான். அவர் தன் நோட்டைப் புரட்டி அவன் கண் முன்னாலேயே அதைக் குறித்துக்கொண்டார். அவன் சொன்னதை ஒருவர் எழுதிக்கொள்கிறார்! ஆறு வருஷமாக நாங்கள் கரும்பலகையில் எழுதிப்போட்டதை எழுதியே வளர்ந்த பையன். அந்த நிமிஷம் அவன் தோள் நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

அம்புக்குறியில் விரல் வைத்தவள் தன் அம்மாவின் கையைப் பற்றி எழுதியிருந்தாள். முதல் வரி: "எங்கம்மா கையில் இருக்கும் சாவிக் கொத்து எங்க வீட்டுச் சாவி இல்லை." பெரிய வீட்டு ஆச்சி சென்னையில் இருக்கிறார்கள். மாதம் இரண்டு தடவை அம்மா போய்த் திறந்து கூட்டிவிட்டு வருவார். இவளும் கூடப் போவாள். முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாம் கட்டு என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும் வரிசையிலேயே எழுதியிருந்தாள். எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று அம்மா பார்க்காமலே விரலால் தடவி எடுப்பாராம். கடைசியில், "அந்த வீட்டில் இப்போது நடக்கிறது நானும் எங்கம்மாவும் மட்டும்தான். ஆனால் உட்கார மாட்டோம்" என்று முடித்திருந்தாள்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எவ்வளவோ பேர் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். படங்களோடு கனத்த அட்டைப் புத்தகங்களே இருக்கின்றன. அந்த வீட்டைத் துடைக்கிற கையிலிருந்து வந்த இந்த வரியை நான் வேறெங்கும் படித்ததில்லை. ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் அது இருந்தது. யாரும் கேட்காததால் அதுவரை சொல்லாமல் இருந்தாள்.

எழுத்தாளர் வருகை என்பதே இப்போது வந்த புதுப் பழக்கம் என்று சில ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். எங்கள் வகுப்புச் சுவரில் பாரதியார் படம் ஒன்று ஒட்டியிருக்கிறேன், கையில் கோலோடு நிற்பாரே அது. அது காரைக்குடியில் எடுத்தது. 1917-ல் தொடங்கிய இந்து மதாபிமான சங்கத்துக்கு பாரதியார் 1919 நவம்பரில் வந்தார். கானாடுகாத்தானில் வயி. சு. சண்முகம் செட்டியார் வீட்டிலும் தங்கினார். சங்கத்தைப் பற்றி ஒரு பாட்டும் எழுதிக் கொடுத்தார். "நம்ம காரைக்குடியா டீச்சர், பஸ் ஸ்டாண்ட் இருக்கே அந்தக் காரைக்குடியா?" என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளை கேட்கும். அதற்கடுத்த கேள்வி, "யார் கூப்பிட்டாங்க?" எனக்குப் பிடித்த கேள்வி அது. யாரோ கூப்பிட்டதால்தான் வந்தார்.

கண்ணதாசன் 1927-ல் சிறுகூடல்பட்டியில் பிறந்தவர், அமராவதிபுதூர் குருகுலத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தவர் என்று எட்டாம் வகுப்பில் சொல்லும்போது கடைசி பெஞ்சில் ஒரு சலசலப்பு வரும். கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் பற்றியும் சொல்வேன். விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கி எறிந்ததையும் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அது இங்கேயே இருக்கும்படி செய்தது. 1994-லிருந்து சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. இதைக் கேட்ட பிறகு எங்கள் பிள்ளைகள் காதுகுத்துப் பத்திரிகையைக்கூடக் கிழித்துப் போடுவதில்லை.

பெரிய விழா நடத்த எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் விழா காரைக்குடியில் நடந்து, பங்குனி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் நிறைவு பெறுவது இன்றைக்கும் தொடர்கிறது. அந்த மேடைகளில்தான் நானே தமிழ் கேட்டு வளர்ந்தேன். ஆனால் பதினோரு வயதுப் பிள்ளைக்கு மேடை ஆகாது, அதற்கு ஓர் அறை வேண்டும். தான் பேசுவதும் காதில் விழுகிற அளவுக்குச் சின்ன அறை.

எழுத்துப் பிழை பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. கல் பட்டறைப் பையன் எழுதியதில் ல, ழ, ள மூன்றும் இடம் மாறிக் கிடந்தன. மேலே கொடுத்திருப்பது நான் திருத்திய வடிவம். பழைய பழக்கமாக இருந்திருந்தால் முதல் பார்வையிலேயே அந்தப் பக்கம் சிவந்திருக்கும், அவனும் மறுபடி மூன்று வரிக்குப் போயிருப்பான். இப்போது முதல் தடவை எழுதிக் கொடுப்பதில் சிவப்பு மை வைப்பதில்லை. பென்சிலால் ஒரே ஒரு கேள்வி மட்டும் எழுதுவேன். 'அச்சு எதால் செய்தது?' என்பது மாதிரி. பதிலுக்காக அவர்கள் மறுபடி எழுதுகிறார்கள். மூன்றாவது பிரதியில் எழுத்துப் பிழையைப் பார்க்கிறோம், முதலில் அவர்களே ஜோடியாக, அப்புறம் நான். உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவருக்கு இதில் உடன்பாடு இல்லை. பிழை கையில் பழகிவிடும், பரீட்சையில் மார்க் போகும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் சொல்வதெழுதுதலைத் தினமும் தனியாக வைத்துக்கொண்டோம். அங்கே பிழை பிழைதான். எழுதுகிற நேரத்தில் மட்டும் அது பின்னால் வரட்டும்.

அவர் போன பிறகு பிள்ளைகள் அஞ்சலட்டை எழுதினார்கள். ஐம்பது பைசா அட்டை, தபால் நிலையத்தில் மொத்தமாக வாங்கி வந்தேன். முகவரி எந்தப் பக்கம் எழுதுவது என்பதே ஒரு பாடவேளை ஆனது. அவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டார், இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு. பள்ளி முகவரிக்கு அட்டை வரும் நாளில் தபால்காரரைக் கேட்டிலேயே மறித்துவிடுவார்கள். கயிற்று வரியைச் சொன்ன பையனுக்கு வந்த அட்டையில், கதை புத்தகமாகும்போது அந்த வரி இருக்கும் என்று எழுதியிருந்தது.

அதிலிருந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கினோம். ஒரே பிரதி. ஒரு வீட்டுக்கு ஓர் இரவு என்று சுற்றுகிறது. திரும்பி வரும்போது சில பக்கங்களில் எண்ணெய் பட்டிருக்கும், ஓரத்தில் யாராவது அண்ணன் பேனாவால் ஒரு வரி எழுதியிருப்பான். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அடுத்த முறை எழுத்தாளராக நாங்கள் கூப்பிட்டது எங்கள் ஊரிலேயே நடவுப் பாட்டும் தாலாட்டும் பாடுகிற ஒரு பாட்டியை. அவருக்குக் கையெழுத்து வராது. பாட்டியைச் சுற்றி உட்கார்ந்து அவர் பாடியதைப் பிள்ளைகள் எழுதினார்கள். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் புரியாமல் நான்கு முறை நிறுத்திக் கேட்டார்கள். பாட்டி நாலு தடவையும் வேறு வேறு மாதிரிப் பாடினார். எதை எழுதுவது என்று மறுபடி ஒரு சண்டை.

இதைப் படிக்கிற ஆசிரியர்கள் யாராவது செய்து பார்க்க நினைத்தால், செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். எங்களுக்கு ஆனது பேருந்துக் கட்டணம், நகல் எடுத்த காசு, மதியச் சாப்பாடு. சாப்பாடும் தலைமை ஆசிரியர் வீட்டிலிருந்து வந்தது. ஒரு வகுப்புக்கு மேல் சேர்க்காதீர்கள். மற்ற வகுப்புகள் வருத்தப்பட்டால் இன்னொரு நாள் இன்னொருவரைக் கூப்பிடலாம். எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: புத்தகம் படிக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அதை நாங்கள் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் அடித்த நோட்டைக் கொண்டுவாருங்கள். கணினியில் எழுதுகிறவராக இருந்தால், ஒரு பக்கத்தையாவது கையால் எழுதித் திருத்தி எடுத்து வாருங்கள். முடிந்தால் இன்னொரு தடவை வாருங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். முப்பத்து நான்கில் பதினைந்து பேர்தான் பீரோவைத் தானாகத் தேடி வருகிறார்கள். இரண்டு பையன்கள் அன்றைக்கும் எழுதவில்லை, இன்றைக்கும் எழுதவில்லை. அதில் ஒருவன் கேட்பதற்கு மட்டும் வந்து உட்காருகிறான். அவனுக்கு என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்த பிறகு சாவிக் கொத்தைப் பற்றி எழுதியவள் வந்து நின்றாள். இப்போது எட்டாம் வகுப்பு. நோட்டை நீட்டினாள். பக்கம் முழுக்க அடித்தல், ஓரத்தில் பொடி எழுத்து, அம்புக்குறிகூட இருந்தது.

"என்ன ஆத்தா, முடிச்சிட்டியா?"

"இல்லை டீச்சர். இது நாலாவது தடவை. இன்னும் எங்கம்மா பேசவே இல்லை."

எங்கே நின்றுபோகிறது என்று சேர்ந்து பார்த்தோம். இரண்டாம் கட்டுக்குப் போகிற கதவைத் திறக்கிற இடம். "அந்தக் கதவைத் திறக்கிறப்ப உங்கம்மா நிஜமா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "ஞாபகம் இல்லை டீச்சர். நாளைக்குக் கூட்டப் போறோம், கேட்டுட்டு வாரேன்" என்று நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.